‘ஹை ரிஸ்க் 1:196’: இந்த எண்ணை எப்படிப் படிப்பது?

பொருநைக்கரை (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். என் தங்கைக்கு 31 வயது. முதல் கர்ப்பம், பதின்மூன்றாவது வாரம். போன புதன்கிழமை டபுள் மார்க்கர் பரிசோதனையின் முடிவு வந்தது. டவுன் சிண்ட்ரோம் என்ற, பிறவியிலேயே வரும் குரோமோசோம் மாற்றம் கருவுக்கு இருக்கும் வாய்ப்பைக் கணிக்கும் ரத்தப் பரிசோதனை அது. தாளின் நடுவில் ஒரு வரைபடம், குறுக்கே ஒரு சிவப்புக் கோடு, கோட்டுக்கு மேலே ஒரு புள்ளி. பக்கத்தில் தடித்த எழுத்தில் ‘டவுன் சிண்ட்ரோம்: ஹை ரிஸ்க், 1:196’. அடியில் பொடி எழுத்தில், வரம்பு 1:250 என்று இருந்தது.

டாக்டர் வெள்ளிக்கிழமைதான் வருவார் என்று சொல்லி வரவேற்பில் உறையை ஒட்டாமலே கொடுத்துவிட்டார்கள். அந்த இரண்டு நாளும் வீடு வீடாக இல்லை. அம்மா பூஜையறையை விட்டு வெளியே வரவில்லை. சம்பந்தி வீட்டுக்குத் தெரியக்கூடாது என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார். தங்கை கைபேசியில் தேடித் தேடிப் படித்தாள். இந்தச் சோதனை, பாதிப்புள்ள கருக்களில் நூற்றுக்குத் தொண்ணூறைக் கண்டுபிடித்துவிடும் என்று எங்கோ போட்டிருந்ததாம். “அப்படியென்றால் எனக்கு நூற்றுக்குத் தொண்ணூறு அதுதானே அக்கா?” என்று கேட்டுவிட்டுத் தட்டைத் தள்ளிவைத்தாள்.

வெள்ளிக்கிழமை டாக்டர் எங்களுக்கு ஒதுக்கியது ஐந்து நிமிடம். “ஹை ரிஸ்க் என்று வந்திருக்கிறது, பனிக்குட நீரை எடுத்துப் பார்த்துவிடலாம்” என்றார். ஊசி போட்டு எடுப்பதால் கருவுக்கு ஏதாவது ஆகுமா என்று கேட்டேன். “அதெல்லாம் மிகமிகக் குறைவு” என்றார். அந்த ‘மிகமிகக் குறைவு’ எவ்வளவு என்று அங்கேயே கேட்க எனக்கு வாய் வரவில்லை. திங்கட்கிழமைக்குள் முடிவு சொல்ல வேண்டும். எங்களுக்குப் பதிலாக யாரும் முடிவெடுக்க வேண்டாம். இந்த எண்களைப் படிக்க மட்டும் சொல்லிக்கொடுங்கள்.

நெல்வயல்

சகோதரி, பயப்படாதீர்கள். என் மைத்துனிக்கும் இப்படித்தான் வந்தது. குழந்தை நன்றாகப் பிறந்து இப்போது ஒன்றாம் வகுப்புப் படிக்கிறது. இந்த ஆய்வகங்கள் எல்லோருக்குமே ‘ஹை ரிஸ்க்’ என்றுதான் போடுகின்றன.

கணக்குவாத்தியார்

நெல்வயல் தம்பி ஆறுதலாகச் சொன்னது நல்லதுதான். ஆனால் எல்லோருக்கும் அப்படிப் போடுவதில்லை. ஏறக்குறைய இருபது பேரில் ஒருவருக்குப் போடுகிறார்கள். அங்கிருந்தே தொடங்குவோம், அம்மா.

தங்கையின் குழப்பம் மிக இயல்பானது. படித்தவர்களும் அந்த இடத்தில்தான் சறுக்குகிறார்கள். சதவீதத்தை ஓரமாக வைத்துவிட்டு ஆட்களாக எண்ணிப் பாருங்கள். 10,000 கர்ப்பிணிகள் வரிசையில் நிற்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அவர்களில் சுமார் 15 பேரின் கருவுக்கு டவுன் சிண்ட்ரோம் இருக்கும். ரத்தப் பரிசோதனையோடு கருவின் கழுத்து மடிப்பை அளக்கும் ஸ்கேனையும் சேர்த்துப் பார்த்தால் அந்த 15 பேரில் 13 பேர் அகப்படுவார்கள். தங்கை படித்த ‘தொண்ணூறு’ இதுதான். மீதமுள்ள 9,985 பேருக்கு ஒன்றும் இல்லை. ஆனாலும் நூற்றுக்கு ஐந்து வீதம் அவர்களிலும் 500 பேருக்குச் சிவப்புக் கோட்டுக்கு மேலே புள்ளி விழும். ஆக, ‘ஹை ரிஸ்க்’ தாளோடு வீட்டுக்குப் போகிறவர்கள் 513 பேர். அதில் உண்மையில் பாதிப்பு இருப்பது 13 பேருக்கு. நாற்பதில் ஒருவர்.

பாதிப்பு உள்ளவர்களில் தொண்ணூறு சதவீதம் பேருக்குத் தாள் சிவப்பாக வரும். தாள் சிவப்பாக வந்தவர்களில் தொண்ணூறு சதவீதம் பேருக்குப் பாதிப்பு இருக்கும். இந்த இரண்டு வாக்கியங்களும் காதுக்கு ஒன்றுபோல ஒலிக்கின்றன. முதல் வாக்கியம் உண்மை. இரண்டாவது வெறும் பிரமை.

ஜெர்மனியில் கெர்ட் கிகெரென்சர் என்ற உளவியல் அறிஞர் இதே கணக்கை மார்பகப் புற்றுநோய்ப் பரிசோதனையை வைத்து 160 மகப்பேறு மருத்துவர்களிடம் கேட்டார். சதவீதமாகக் கொடுத்தபோது ஐவரில் ஒருவர்தான் சரியாகச் சொன்னார். நான் மேலே எண்ணியதுபோல ‘இத்தனை பேரில் இத்தனை பேர்’ என்று எண்ணப் பழக்கிய பிறகு நூற்றுக்கு 87 பேர் சரியாகச் சொன்னார்கள். கேள்வி மாறவில்லை, மருத்துவர்களும் மாறவில்லை. முப்பத்தோராண்டு வகுப்பறையில் நின்றவன் என்ற முறையில் சொல்கிறேன்: சதவீதம் விளங்காத பிள்ளையை நாங்கள் மக்கு என்றோம். எங்கள் கரும்பலகையில்தான் கோளாறு இருந்திருக்கிறது.

பொருநைக்கரை

நன்றி ஐயா. அப்படியானால் தங்கையுடையது நாற்பதில் ஒன்றா? தாளில் 196-இல் ஒன்று என்றல்லவா இருக்கிறது?

கணக்குவாத்தியார்

நல்ல கேள்வி. நான் தெளிவாகச் சொல்லாமல் விட்டது என் தவறு. நாற்பதில் ஒன்று என்பது அந்த 513 பேருக்குமான சராசரி. அதில் 1:5 என்று வந்தவர்களும் இருப்பார்கள், 1:240 வந்தவர்களும் இருப்பார்கள். தங்கையின் வயது, ரத்த அளவு, ஸ்கேன் எல்லாவற்றையும் சேர்த்து அவருக்கென்று கணித்ததுதான் 1:196. அதைவைத்தே பேசுங்கள். 196 பேரில் 195 பேருக்கு இல்லை.

ஈஸ்ட்ஹாம்செவிலி

லண்டனில் மகப்பேறுப் பிரிவில் வேலை பார்க்கிறேன். இந்த இழையைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

இங்கே அரசு மருத்துவச் சேவையில் வரம்பு 1:150. அதாவது 1:2 முதல் 1:150 வரை வந்தால்தான் அடுத்த சோதனையைப் பற்றிப் பேச அழைப்போம். 1:196 வந்தால் ‘லோயர் சான்ஸ்’, அதாவது குறைந்த வாய்ப்பு என்று கடிதம் போகும். உங்கள் தங்கை இங்கே இருந்திருந்தால் அந்தக் கடிதத்தை மேசை இழுப்பறையில் போட்டுவிட்டு வேலைக்குப் போயிருப்பார். அதே ரத்தம், அதே எண். கோடு வரைந்த இடம்தான் வேறு.

‘ரிஸ்க்’ என்ற சொல்லையே நாங்கள் இப்போது எழுதுவதில்லை. ‘வாய்ப்பு’ என்றுதான் எழுதுகிறோம்.

எண்ணை எப்படிச் சொல்கிறோம் என்பது சின்ன விஷயமில்லை என்பதற்கு இந்த நாட்டிலேயே ஒரு சான்று இருக்கிறது. 1995 அக்டோபரில், ஒருவகைக் கருத்தடை மாத்திரைகள் ரத்தக்கட்டி அபாயத்தை இரண்டு மடங்காக்குகின்றன என்று மருந்துப் பாதுகாப்புக் குழு எச்சரித்தது. எல்லாச் செய்தித்தாள்களிலும் நூறு சதவீத உயர்வு என்று வந்தது. பெண்கள் பயந்து, பாதி அட்டையில் மாத்திரையை நிறுத்தினார்கள். உண்மையில் 7,000 பேரில் ஒருவருக்கு வந்துகொண்டிருந்தது 7,000 பேரில் இருவருக்கு வரும் என்பதே செய்தி. அடுத்த ஆண்டில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சுமார் 13,000 கருக்கலைப்புகள் கூடுதலாக நடந்தன. ரத்தக்கட்டி அபாயம் மாத்திரையைவிடக் கர்ப்பத்தில்தான் அதிகம். பயந்து ஓடி, எதற்குப் பயந்தார்களோ அதன் மடியிலேயே விழுந்தார்கள். ‘இரண்டு மடங்கு’ பொய் இல்லை. எதனுடைய இரண்டு மடங்கு என்பதை விட்டுவிட்டார்கள்.

மரு_கயல்

அரசு மருத்துவமனையில் மகப்பேறு மருத்துவர். உங்கள் தங்கையை நான் பார்க்கவில்லை, ஆகவே பொதுவாக மட்டும் எழுதுகிறேன்.

பனிக்குட நீர் எடுப்பதால் கரு கலையும் வாய்ப்பு 200 பேரில் ஒருவருக்கும் குறைவு. கைதேர்ந்தவர்கள் செய்தால் இன்னும் குறைவு என்று இப்போது கருதுகிறோம். நாங்கள் படித்த காலத்துப் புத்தகங்களில் இருநூறில் ஒன்று என்றே இருந்தது. நீங்கள் கேட்ட ‘மிகமிகக் குறைவு’ இதுதான்.

இதை எழுதும்போது எனக்கே உறைக்கிறது. 196-இல் ஒன்று ‘ஹை ரிஸ்க்’. இருநூறில் ஒன்றுக்குக் குறைவு ‘மிகமிகக் குறைவு’. ஐந்து நிமிடத்துக்குள், ஒரே மேசையில், ஏறக்குறைய ஒரே அளவுள்ள எண்ணுக்கு எதிரெதிரான இரண்டு பெயர்கள். இதே வாக்கியங்களை நானும் எத்தனையோ பெண்களிடம் சொல்லியிருக்கிறேன். யாரையும் ஏமாற்ற நினைத்துச் சொன்னதில்லை. புறநோயாளிப் பிரிவில் கூட்டம் நெரியும்போது எண்ணைவிடப் பெயர் சொல்வது சுலபம்.

‘ஹை ரிஸ்க்’ என்பது ஆய்வகத்துக்கும் எங்களுக்கும் இடையிலான குறிப்பு. இவருக்கு அடுத்த சோதனையைப் பற்றிச் சொல் என்று அதற்குப் பொருள். அதைக் கர்ப்பிணியின் கையில் தடித்த எழுத்தில் கொடுக்கும்போது தீர்ப்பாகிவிடுகிறது.

உங்கள் முன் இருக்கும் வழிகளை ஆயிரம் பேருக்கு என்று ஒரே அளவில் வைக்கிறேன். தங்கையின் எண்ணைப் போன்ற எண் உள்ள 1,000 பேரில் சுமார் 5 பேரின் கருவுக்கு டவுன் சிண்ட்ரோம் இருக்கும், 995 பேருக்கு இருக்காது. அந்த 1,000 பேரும் பனிக்குட நீர் எடுத்துக்கொண்டால் ஐந்துக்கும் குறைவானவர்களுக்கு அதனால் கரு கலையலாம். ஆனால் விடை உறுதியாகக் கிடைக்கும். இன்னொரு வழி என்.ஐ.பி.டி. என்ற ரத்தப் பரிசோதனை. தாயின் கையில் ரத்தம் எடுப்பதோடு சரி, கருவைத் தொடுவதில்லை. அந்த 5 பேரையும் அநேகமாகக் கண்டுபிடித்துவிடும். 995 பேரில் சுமார் ஒருவருக்குத் தவறாக ‘இருக்கிறது’ என்று காட்டும். ‘இருக்கிறது’ என்று வந்தால் பனிக்குட நீர் எடுத்துத்தான் உறுதிசெய்ய வேண்டும். செலவு பல ஆயிரம் ரூபாய் ஆகும். எதையும் செய்யாமல் இருப்பதும் ஒரு வழி. அதையும் சொல்ல வேண்டியது எங்கள் கடமை.

இன்னொன்று. பனிக்குட நீர் எடுக்குமுன் அதன் பக்கவிளைவுகளையும் பின்விளைவுகளையும் விளக்கி, கர்ப்பிணிக்குப் புரியும் மொழியில் எழுத்துமூலம் ஒப்புதல் வாங்கி, அதன் நகலை அவரிடமே தர வேண்டும் என்று பிறப்புக்கு முந்தைய சோதனைகளை முறைப்படுத்தும் 1994-ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது. ‘எவ்வளவு?’ என்று கேட்பது உங்கள் உரிமை. கூச்சப்படாதீர்கள்.

செங்கோட்டைக்காரன்

எல்லோரும் ஒரே திசையில் போகிறீர்கள், அதனால் மாற்றிச் சொல்கிறேன். ‘196 பேரில் 195 பேருக்கு இல்லை’ என்று சொல்வதும் ஒரு சாயம்தானே? அந்தப் பெண் பயப்படக்கூடாது என்று முடிவுசெய்துவிட்டு அதற்கேற்ற வாக்கியத்தைத் தேர்ந்தெடுக்கிறீர்கள். ஆய்வகம் பயமுறுத்தியது, நீங்கள் தாலாட்டுகிறீர்கள்.

என் அப்பாவுக்கு நடந்ததைச் சொல்கிறேன். நுரையீரலில் புற்று. அறுவை சிகிச்சையா, கதிர்வீச்சா என்று முடிவெடுக்க வேண்டியிருந்தது. “நூற்றுக்குத் தொண்ணூறு பேர் அறுவை சிகிச்சையில் பிழைத்து எழுந்துவிடுவார்கள்” என்றார் மருத்துவர். அப்பா உடனே சரி என்றார். வீட்டுக்கு வந்ததும் அத்தை, “நூற்றுக்குப் பத்துப் பேர் மேசையிலேயே போய்விடுவார்களாமே” என்றார். அப்பா அன்று இரவு முழுவதும் தூங்கவில்லை, மறுநாள் வேண்டாம் என்றார். இருவரும் சொன்னது ஒன்றைத்தான். எது அப்பாவின் உண்மையான முடிவு என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. அவர் போய் ஒன்பது வருடம் ஆகிறது.

கணக்குவாத்தியார்

தம்பி, உங்கள் அப்பா தனியாள் இல்லை. 1982-இல் அமெரிக்காவில் இதையே சோதித்திருக்கிறார்கள், அதே நோய், அதே இரண்டு சிகிச்சைகள். அறுவை சிகிச்சை செய்துகொண்ட 100 பேரில் 90 பேர் அதைத் தாண்டுவார்கள், ஓராண்டு முடிவில் 68 பேரும் ஐந்தாண்டு முடிவில் 34 பேரும் உயிரோடு இருப்பார்கள். கதிர்வீச்சில் 100 பேரும் சிகிச்சையைத் தாண்டுவார்கள், ஓராண்டில் 77 பேர், ஐந்தாண்டில் 22 பேர். இப்படிச் சொன்னபோது 18 சதவீதம் பேர்தான் கதிர்வீச்சைத் தேர்ந்தெடுத்தார்கள். இதே எண்களை ‘இத்தனை பேர் இறப்பார்கள்’ என்று திருப்பிச் சொன்னபோது 44 சதவீதம் பேர் கதிர்வீச்சுப் பக்கம் போனார்கள். பதில் சொன்னவர்களில் மருத்துவர்களும் இருந்தார்கள். அவர்களும் நோயாளிகளைப் போலவே ஆடினார்கள். உங்கள் அப்பா குழம்பியதற்கு அவரோ அத்தையோ காரணம் இல்லை. தயவுசெய்து அதைச் சுமந்துகொண்டு இருக்காதீர்கள்.

நீங்கள் சொன்ன குற்றச்சாட்டை நான் ஏற்றுக்கொள்கிறேன். நான் ஒரு பக்கத்தை மட்டும்தான் சொன்னேன். மருத்துவர் கயல் செய்ததே முறை: ஐந்தையும் சொல்லி, 995-ஐயும் சொல்லி, எல்லா வழிக்கும் ஆயிரம் என்ற ஒரே அடித்தளம் வைத்தார்.

அந்த அடித்தளம் ஏன் முக்கியம் என்பதற்கு ஒன்று. ஜப்பானில் யாமாகிஷி என்பவர் 1997-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு நோய் 10,000 பேரில் 1,286 பேரைக் கொல்லும் என்றும், 100 பேரில் 24.14 பேரைக் கொல்லும் என்றும் சொல்லி எது கொடியது என்று கேட்டார். முதலாவதுதான் கொடியது என்று தோன்றியது மாணவர்களுக்கு. இரண்டாவது ஏறக்குறைய இரண்டு மடங்கு. 1,286 என்ற கூட்டம் கண்ணை நிறைத்துவிட்டது.

முடிச்சூர்வாசி

ஆட்களின் அடித்தளம் மட்டுமில்லை, காலமும் இருக்கிறது. 2015 டிசம்பரில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. மழை கொட்டி எங்கள் தெருவில் படகு ஓடியது. அதன்பிறகு இங்கே மனை வாங்க வருகிறவர்களிடம் தரகர்கள் சொல்வதை என் காதால் கேட்டிருக்கிறேன்: “நூறு வருடத்துக்கு ஒருமுறை வரும் வெள்ளம், வந்துபோய்விட்டது, இனி உங்கள் பேரன் காலத்தில்தான்.” அந்தச் சொல்லுக்குப் பொருள் ஒவ்வோர் ஆண்டும் நூறில் ஒரு பங்கு வாய்ப்பு என்பதுதான். வெள்ளம் முறை வைத்து வருவதில்லை. இருபது வருட வீட்டுக்கடனுக்குக் கணக்குப் போட்டால் நூற்றுக்குப் பதினெட்டு. முப்பது வருடம் குடியிருந்தால் நூற்றுக்கு இருபத்தாறு. நாலில் ஒரு பங்கு என்று சொல்லியிருந்தால் நான் அடித்தளத்தை நான்கடி உயர்த்திக் கட்டியிருப்பேன்.

மீனாவின்அப்பா

பல நாள்களாகப் படிப்பவன், எழுதுவது இதுதான் முதல்முறை.

என் மகள் மீனாவுக்குப் பதினான்கு வயது. டவுன் சிண்ட்ரோம் உள்ள பிள்ளை. அந்த ‘ஒன்று’ எங்கள் வீட்டில் இருக்கிறது. இந்த இழையில் அந்த ஒன்றைப் பற்றி யாரும் பேசவில்லை. 195-ஐச் சொல்லி ஆறுதல் அடைகிறீர்கள். தவறில்லை. ஆனால் நாங்கள் எந்த எண்ணில் சேர்த்தி என்று நினைத்துப் பாருங்கள்.

பொருநைக்கரை அம்மாவிடம் ஒன்று சொல்ல விரும்புகிறேன். வாய்ப்பு எவ்வளவு என்பது ஒரு கேள்வி. வந்தால் என்ன என்பது வேறு கேள்வி. முதல் கேள்விக்கு அந்தத் தாளில் எண் இருக்கிறது. இரண்டாவதற்கு ‘ரிஸ்க்’ என்ற ஒரே சொல்தான் இருக்கிறது, அதுவே பதில்போல நின்றுவிடுகிறது. மீனாவுக்கு இதயத்தில் ஓட்டை இருந்தது, இரண்டு வயதுக்குள் அறுவை சிகிச்சை செய்தோம். பேச்சு தாமதம். பணமும் பொழுதும் கரைந்தது உண்மை. அவள் இப்போது தானே தலைவாரிக்கொள்கிறாள், எங்கள் கடையில் பில்லைக் கிழித்துக் கொடுக்கிறாள், என் அம்மாவுக்கு வேளை தவறாமல் மாத்திரை எடுத்துக் கொடுப்பவள் அவள்தான். இரண்டையும் சொல்லிவிட்டேன். உங்கள் தங்கை எந்த முடிவெடுத்தாலும் நான் குறை சொல்ல மாட்டேன்.

பொருநைக்கரை

ஐயா, நான் தொடங்கிய இழையில் உங்களுக்கு வருத்தம் நேர்ந்ததற்கு மன்னியுங்கள். உங்கள் பதிவைத் தங்கைக்கு அப்படியே வாசித்துக்காட்டினேன்.

நேற்று இரவு நடந்ததை எழுதுகிறேன். 195 துவரம்பருப்பை எண்ணி ஒரு தாம்பாளத்தில் போட்டேன், கூடவே ஒரு கறுப்பு உளுந்து. தங்கையிடம் கொண்டுபோய், “இதுதான் உன் தாள்” என்றேன். ஆறுதல்படுவாள் என்று நினைத்தேன். அவள் கண் நேராக உளுந்தின் மேல் போய் நின்றது, அதைவிட்டு எடுக்கவே இல்லை. மஞ்சளில் ஒரு கறுப்பு. நானே அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு அவளைக் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுக்கச் சொன்னேன். துவரம்பருப்பு. திரும்பப் போட்டுக் கலக்கினேன். மறுபடியும் துவரம்பருப்பு. பதினைந்து, இருபது முறை எடுத்திருப்பாள். ஒருமுறைகூட உளுந்து வரவில்லை.

“ஆனால் எனக்கு ஒரே ஒரு முறைதானே அக்கா எடுக்கக் கிடைக்கும்” என்றாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் அதைச் சொன்ன குரல் புதன்கிழமைக் குரல் இல்லை. அவள் யோசிக்கத் தொடங்கிவிட்டாள்.

இன்னொன்றும் கவனித்தேன். ‘இருநூறில் ஒன்று’ என்றால் அவள் கேட்டுக்கொள்கிறாள். அம்மா ‘இருநூறு பேரில் ஒருத்தி’ என்றதும் முகம் மாறிவிடுகிறது. ‘ஒருத்தி’ என்றதும் அது அவளாகிவிடுகிறது.

ஈஸ்ட்ஹாம்செவிலி

அதை நான் தினமும் பார்க்கிறேன். ‘பன்னிரண்டில் ஒன்று’ என்று சொன்னால், ‘நூற்றிருபதில் பத்து’ என்று சொல்வதைவிட ஆள்கள் அதிகமாகப் பயப்படுகிறார்கள் என்று இத்தாலியிலும் பிரான்சிலும் இருந்த ஆய்வாளர்கள் 2011-இல் காட்டினார்கள். இரண்டும் ஒன்றே. அந்த ‘ஒன்று’க்கு ஒரு முகம் வந்துவிடுகிறது.

செங்கோட்டைக்காரன்

தாம்பாளம் நல்ல யோசனை. உளுந்தை ஒளிக்காமல் வைத்தீர்களே, அதற்காகத்தான் சொல்கிறேன். கணக்குவாத்தியார் ஐயாவுக்கு நன்றி. அத்தைக்கு இன்று போன் செய்தேன்.

பொருநைக்கரை

திங்கட்கிழமைச் செய்தி. அதே டாக்டரிடம்தான் போனோம். தங்கை ஒரு துண்டுத்தாளில் எழுதிக்கொண்டு போயிருந்தாள்: ‘ஆயிரம் பேரில் எத்தனை பேருக்கு இருக்கும்? எத்தனை பேருக்கு இருக்காது? ஊசியால் ஆயிரத்தில் எத்தனை கரு கலையும்? ஒன்றும் செய்யாவிட்டால்?’ டாக்டர் தாளை வாங்கிப் படித்துவிட்டுக் கொஞ்சநேரம் பேசாமல் இருந்தார். பிறகு பேனாவை எடுத்து நான்கு கேள்விக்கும் எதிரே எண் எழுதினார். கோபப்படவில்லை. இருபது நிமிடம் பேசினார். ஊசி வேண்டாம், முதலில் என்.ஐ.பி.டி. செய்துகொள்கிறேன் என்று தங்கை சொன்னாள். ரத்தம் கொடுத்துவிட்டோம். முடிவு வரப் பத்து நாளாகலாம். ‘இருக்கிறது’ என்று வந்தால் என்ன செய்வது என்று அவளும் மாப்பிள்ளையும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். நான் அதில் தலையிடவில்லை. நேற்று மத்தியானம் புளிக்குழம்பு கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

மீனாவின் அப்பாவிடம் ஒன்று கேட்கச் சொன்னாள். மீனா எந்த வயதில் நடந்தாள்?

மீனாவின்அப்பா

இரண்டே கால் வயதில். கடையில் கல்லாவைப் பிடித்துக்கொண்டு நின்றவள், கையை விட்டுவிட்டு அரிசி மூட்டை வரைக்கும் வந்தாள். ஆறு எட்டு வைத்தாள். நான் எண்ணினேன்.

தங்கை பேச விரும்பினால் சொல்லுங்கள், தனிமடலில் எண் அனுப்புகிறேன். மாலை ஏழு மணிக்குமேல் என்றால் மீனாவும் பேசுவாள்.